552 ரூபாய் வித்தியாசம்

கோவை வாசகி: நானும் தங்கையும் ஒரே மாதத்தில், ஒரே மாடலில், ஒரே நிறத்தில் கார் எடுத்தோம். என் வண்டி கோவைப் பதிவு, அவளுடையது சென்னைப் பதிவு. இந்த ரினியூவலில் அவளுக்கு என்னைவிட 4,000 ரூபாய் கூடுதல். சென்னையில் குடியிருப்பது ஒரு குற்றமா?

குற்றம் என்றால் உங்கள் தங்கையோடு சேர்ந்து 8 ஊர்க்காரர்கள் கூண்டில் ஏற வேண்டும். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புது டெல்லி, புனே ஆகிய எட்டும் இன்ஷூரன்ஸ் கணக்கில் ‘ஏ’ மண்டலம். மிச்ச இந்தியா முழுக்க ‘பி’. கோவையும் ‘பி’, கூடலூரும் ‘பி’. வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று இந்த மண்டலக் கணக்கு பார்ப்பதில்லை. எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

இனி பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில், 5 வயது தாண்டாத 1,200 சி.சி. காருக்கு ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) விகிதம் ‘ஏ’ மண்டலத்தில் 3.283 சதவீதம், ‘பி’ மண்டலத்தில் 3.191 சதவீதம். வண்டியின் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பு, 6 லட்சம் என்று வையுங்கள். சென்னைக்கு 19,698 ரூபாய், கோவைக்கு 19,146 ரூபாய். வித்தியாசம் 552. இரண்டு பேர் குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலுக்குப் போனால் தீர்ந்துவிடுகிற தொகை.

2007 ஜனவரியிலிருந்து ஓன் டேமேஜ் விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அதனால் இன்றைக்கு உங்கள் தாளில் இருக்கும் எண் இதைவிடக் குறைவாகவே இருக்கும். எந்த ஊர் வண்டிக்கு எவ்வளவு கிளெய்ம் வருகிறது என்று பார்த்து ஆளாளுக்கு ஒரு தள்ளுபடி போடுகிறார்கள். அப்படியும் 4,000 ரூபாயை ஊர் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று வரிகளைப் பாருங்கள். ஐ.டி.வி. இரண்டிலும் ஒன்றுதானா? ஜீரோ டெப் மாதிரி கூடுதல் கவர் ஏதாவது தங்கை போட்டிருக்கிறாரா? முக்கியமாக, நோ கிளெய்ம் போனஸ் வரியில் உங்களுக்கு என்ன சதவீதம், அவருக்கு என்ன சதவீதம்? போன வருஷம் எங்காவது தூணில் உரசினாரா என்று அன்பாக விசாரியுங்கள்.

பெரம்பூர் வாசகர்: அப்படியானால் புதுக் காரை ஊரில் மாமா வீட்டு முகவரியில் பதிவு செய்துவிடலாமா?

மாமா வீட்டுக்கே குடிபோகிறீர்கள் என்றால் தாராளமாக. 552 ரூபாய்க்காக முகவரியில் பொய் சொல்வதென்றால் வேண்டாம். இன்ஷூரன்ஸ் என்பது சொன்னதை நம்பி எழுதும் ஒப்பந்தம். பிரீமியம் வாங்கும்போது யாரும் துருவ மாட்டார்கள், 3 லட்ச ரூபாய் கிளெய்ம் போடுகிற அன்றைக்குத் துருவுவார்கள்.

திருச்சி வாசகி: மகனுக்கு 19 வயது. லைசென்ஸ் வந்துவிட்டது, சாவியை வைக்கவே இடமில்லை. அவன் ஓட்டினால் எங்கள் பிரீமியம் ஏறுமா?

இங்கே ஏறாது. நம் நாட்டில் பாலிசி வண்டியின் பெயரில் நிற்கிறது, ஓட்டுகிறவர் பெயரில் இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் 19 வயது மகனும் ஓட்டலாம், 60 வயது தாத்தாவும் ஓட்டலாம், பிரீமியம் ஒன்றுதான்.

இதே பிள்ளை பிரிட்டனில் இருந்தால் கதை வேறு. அங்கே வயதுதான் முதல் கேள்வி. பையன் என்றால் ஒரு விலை, பெண் என்றால் குறைந்த விலை என்றுகூட வைத்திருந்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பு சொல்லி, 2012 டிசம்பர் 21 முதல் அந்த ஆண் பெண் கணக்கு செல்லாது என்றாகிவிட்டது. வயதுக் கணக்கு அப்படியே இருக்கிறது. பையன் எப்படி பிரேக் போடுகிறான், ராத்திரி எத்தனை மணிக்கு ஓட்டுகிறான் என்று குறித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியை வண்டியில் பொருத்தச் சம்மதித்தால் விலை குறைய வழி உண்டு.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பிரீமியம் ஏறாது என்று சொன்னேனே தவிர, செலவு வராது என்று சொல்லவில்லை. மகன் இடித்தாலும் போகிற நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. அதன் எடை என்ன என்று அடுத்த பதிலில் இருக்கிறது. மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

மதுரை வாசகர்: ஆட்டோ உரசி பின் பம்பரில் கீறல். டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 4,500 ரூபாய் என்கிறார்கள். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, 5 வருஷமாக ஒரு கிளெய்மும் இல்லை. இதற்கு மட்டும் கிளெய்ம் போடலாமா?

கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், போடாதீர்கள்!

நோ கிளெய்ம் போனஸ் என்பது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி. கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, ஐந்தாவது வருஷம் 50. நீங்கள் ஏணியின் உச்சிப் படியில் நிற்கிறீர்கள். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் கீழே தரைக்கு வந்து, பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். மேலே சொன்ன அதே 19,146 ரூபாயை வைத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் மட்டும் இழப்பு 9,573. அதற்கடுத்த வருஷம் 50-க்குப் பதில் 20, பிறகு 25, 35, 45. விட்டதையெல்லாம் கூட்டினால் ஒரு முழு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியமும் அதற்கு மேல் கால் பங்கும், அதாவது 24,000 ரூபாய்க்குப் பக்கம். வருஷாவருஷம் ஐ.டி.வி. இறங்குவதாலும் நிறுவனம் தரும் தள்ளுபடியாலும் இது குறையும். பாதியாகக் குறைந்தால்கூட 4,500-க்குப் பக்கத்தில் வராது. போதாததற்கு, 1,500 சி.சி. வரையான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்கள் கைக்காசு. ஆகக் கிடைக்கப்போவது 3,500.

ஊர் மாறினால் 552, ஓட்டுகிற விதம் மாறினால் பல ஆயிரம். நம் ஊர் இன்ஷூரன்ஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பத்திரமாக ஓட்டுகிறவருக்கு மரியாதை செய்கிறது. இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) கடிதம் கேட்டு வாங்குங்கள். 3 வருஷத்துக்குள் புது வண்டி எடுத்தால் அந்த 50 சதவீதம் கூடவே வரும். எத்தனையோ பேர் அதையும் சேர்த்து வண்டியோடு விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஷோரூமில் முழுத்தொகை கட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வேளச்சேரி வாசகர்: எங்கள் தெருவில் ஒவ்வொரு டிசம்பரும் பயம்தான். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் வெள்ளத்துக்குப் பணம் கிடைக்கும்தானே?

கிடைக்கும், ஒரு தவறு செய்யாமல் இருந்தால்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் மெல்ல இறங்கிய காலை. எதிர் வீட்டு அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரிடம் போனார். கதவின் கீழ்விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சேற்றுக்கோடு. கதவைத் திறந்ததும் தண்ணீர் அவர் பாதத்தில் கொட்டியது. மாடியிலிருந்து நான் “அண்ணே, வேண்டாம்” என்று கத்துவதற்குள் சாவியைத் திருப்பிவிட்டார். ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது பிழிந்தால் சொட்டுகிற துணி மாதிரி இருந்தது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது.

சர்வேயர் நல்ல மனிதர். சீட், கார்பெட், ஒயரிங் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இன்ஜினிடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். வெள்ளம் வந்து நனைத்தது விபத்து. நனைந்த இன்ஜினை ஓடவிட்டதால் வந்த சேதம் பின்விளைவு, சாதாரண ஃபுல் பாலிசியில் அது வராது என்றார். ஜீரோ டெப் போட்டிருந்தும் பயனில்லை. அது உதிரி பாகத்தின் தேய்மானத்தை மட்டும் பார்க்கும். அண்ணனின் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் இன்ஜின் புரொடெக்ட் கவரை அடுத்த ரினியூவலிலேயே கேட்டுப் போடுங்கள். உங்கள் முகவரி உண்மையிலேயே விலை கேட்கும் இடம் இதுதான், கொடுக்கலாம். தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், சேற்றுக்கோடு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

நாகர்கோவில் வாசகர்: எனக்கு 71 வயது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மாதம் 200 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. மும்பையில் தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் மருமகனுக்கும் எனக்கும் தேர்ட் பார்ட்டி தொகை ஒன்றாம். நியாயமா ஐயா?

தேர்ட் பார்ட்டி விஷயத்தில் நியாயம் என்றுதான் சொல்வேன் ஐயா. அந்த விலையை நிறுவனம் வைப்பதில்லை, மத்திய அரசு வைக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கணக்குப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஊரும் கிடையாது, வயதும் கிடையாது. அது உங்கள் வண்டிக்கான பணமில்லை. உங்கள் வண்டியால் அடிபடுகிறவரின் குடும்பத்துக்கான பணம். இடித்த கார் எந்த ஊருடையது என்று பார்த்தா கால் உடைகிறது?

ஓன் டேமேஜில் உங்கள் கேள்வி நூற்றுக்கு நூறு சரி. 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதற்கு வழி திறந்துவிட்டது. ‘பே ஆஸ் யூ டிரைவ்’ என்று கேளுங்கள். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டியே சொல்லி, ஓடோமீட்டர் எண்ணைக் காட்டிவிட்டால் அதற்கேற்பக் குறைப்பார்கள். உங்கள் ஓட்டம் வருஷத்துக்கு 2,400 கிலோமீட்டருக்குள்தான். கட்டாயம் கேளுங்கள்.

கிள்ளான் வாசகி: மலேசியாவில் எங்களுக்கும் இதே நோ கிளெய்ம் போனஸ் ஏணிதானா?

ஏணி ஒன்று, படிகள் வேறு. தனியார் காருக்கு 25, 30, 38.33, 45, 55 சதவீதம் என்று ஏறும். நம்மைவிட 5 சதவீதம் உயரம்! விலையை நிறுவனங்களே வைக்கலாம் என்பது அங்கே 2017 ஜூலையிலிருந்து வந்தது. தம்பியிடம் வண்டியைக் கொடுக்கும் முன் பாலிசியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாதவரோ, 21 வயது நிரம்பாதவரோ, புது ஓட்டுநருக்கான ‘பி’ (P) லைசென்ஸ்காரரோ ஓட்டி இடித்தால் முதல் 400 ரிங்கிட் உங்கள் கையிலிருந்து.

தஞ்சாவூர் வாசகர்: மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். கிரெடிட் ஸ்கோர் குறைவு என்று கார் இன்ஷூரன்ஸைக் கூட்டிவிட்டார்களாம். கடனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

கடன் ஒழுங்காகக் கட்டாதவர்கள் கிளெய்மும் அதிகம் போடுகிறார்கள் என்று நிறுவனங்கள் புள்ளிவிவரம் காட்டுகின்றன. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. வேலை போய் இரண்டு தவணை விட்டவர் சிவப்பு விளக்கில் ஒழுங்காக நிற்பவராக இருக்கலாம். கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் கார் இன்ஷூரன்ஸில் ஸ்கோரைத் தொடவே கூடாது என்கின்றன. கலிஃபோர்னியா மக்கள் 1988-லேயே ஓட்டுப் போட்டு, ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, வருஷத்தில் ஓட்டும் தூரம், எத்தனை வருஷ அனுபவம், இந்த மூன்றுக்குத்தான் முதலிடம் என்று சட்டமாக்கிக்கொண்டார்கள்.

நம் ஊரில் சிக்னலைத் தாண்டுகிறவர்களுக்கு, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்குப் பிரீமியத்தைக் கூட்டலாம் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பணிக்குழு 2021-ல் பரிந்துரைத்தது. அது வரட்டும். யார் என்பதற்கு விலை வைக்காமல், என்ன செய்தார் என்பதற்கு விலை வைக்கட்டும்.

சேலம் வாசகர்: ரினியூவல் தேதி போய் 3 நாள் ஆகிவிட்டது. இதை எழுதும்போதுதான் கவனித்தேன். போனஸ் போச்சா?

போகவில்லை. 90 நாள் வரை இருக்கும். ஆனால் இந்த 3 நாளும் உங்கள் வண்டி இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், யார் மேலாவது இடித்துவிட்டால் முழு நஷ்டஈடும் உங்கள் தலையில். வண்டியைப் பார்த்த பிறகே பாலிசி தருவார்கள், போட்டோவோ வீடியோவோ கேட்கலாம். இப்போதே போன் போடுங்கள். பாலிசி கைக்கு வரும்வரை பால் வாங்கக்கூட அந்த வண்டியை எடுக்காதீர்கள், நடந்தே போங்கள்.