கேட்காமல் கிடைத்த கூட்டணி

கேள்வி: தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி மறுபடி ஜெயிக்காது என்ற கணக்கு 2016-ல் எப்படிப் பொய்த்தது?
– விருத்தாசலம் வாசகர்

பதில்: 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆட்சியைத் தக்கவைத்தார். அதன்பின் தேர்தலுக்குத் தேர்தல் ஆளை மாற்றுவதே நம் வழக்கமாகிவிட்டது. 2016-லும் ஆட்சிமீது கோபத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைப் பங்கு போட தி.மு.க., மக்கள் நலக் கூட்டணி, பா.ம.க., பா.ஜ.க. என்று நீண்ட வரிசை! முடிவு: அ.தி.மு.க. 134, தி.மு.க. 89. விஜயகாந்தை முதல்வர் வேட்பாளராக்கிய அணிக்கு முழுப் பூஜ்யம். ராதாபுரத்தில் அ.தி.மு.க. கரையேறியது 49 ஓட்டில். ஜெயலலிதா எந்தப் பெரிய கட்சியோடும் கூட்டணி வைக்கவில்லை என்பார்கள். தவறு. எதிர்க்கட்சிகள் அத்தனையும் தனித்தனியாக நின்று, சீட்டுகூடக் கேட்காமல் அவருக்கு உழைத்தனவே!