மிளகுக்கு ஒரு பெட்டி, குரங்குக்கு ஒரு பெட்டி

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. கோயில் பரிபாலன சபைக்குள் நுழைந்து கணக்குக் கேட்கலாம். அல்லது சொந்த வீட்டில் கணக்குக் கேட்கலாம். இரத்தோட்டையில் இருக்கிற நம்முடைய மாஸ்டர் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார். கோயில் தப்பியது.

மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் மலைக்கு ஏறுகிறவர்கள் இரத்தோட்டையைத் தாண்டித்தான் போவார்கள். பருவம் வந்துவிட்டால் வழியோர முற்றங்களில் மிளகு காய்ந்துகொண்டிருக்கும். மாஸ்டர் வீட்டுத் தோட்டம் ஏக்கர் சொல்லிப் பெருமைப்படுகிற அளவல்ல. கிளிசரிடியா மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி, கொஞ்சம் சாதிக்காய், ஒரு கராம்பு மரம், வேலியோரத்தில் கறுவா. ஆனால் கணக்கென்று உட்கார்ந்தால் பெரிய எஸ்டேட் தோற்றுப்போகும். மிளகைப் பச்சையாக விற்றால் ஒரு விலை, காயவைத்து விற்றால் வேறு விலை. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கும். சாதிக்காய் தனி, அதன்மேல் சுற்றியிருக்கிற வசவாசி தனி. இதற்கு மேல் மொய்க் கணக்கு, மருந்துச் சீட்டு, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, ஏணியை இரவல் கொண்டுபோனவர் பெயர்.

இத்தனையையும் ஒரு தரவுத்தளத்தில் போட்டுவிடுவது என்று மாஸ்டர் முடிவெடுத்தார். சாதாரண தரத்துப் பிள்ளைகளுக்கு அட்டவணை, புலம், முதன்மைச் சாவி என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியவர். கை சும்மா இருக்குமா?

தரவுகளை எதில் வைப்பது என்பதில் குழப்பமே வரவில்லை. கொழும்பில் மென்பொருள் வேலை பார்க்கும் மாப்பிள்ளை போனிலேயே தீர்த்துவிட்டார். "எஸ்கியூலைட் போதும் மாமா. ஒரே ஒரு ஃபைல்தான். பென் டிரைவுல கொப்பி பண்ணி வச்சா அதுதான் பேக்கப்." நல்ல யோசனை. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், தம் நாட்டுக் கடற்படையின் ஏவுகணைக் கப்பலுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது உருவான எண்ணம் அது. 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று ஒவ்வோர் அண்ட்ரொயிட் போனுக்குள்ளும் ஐபோனுக்குள்ளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. காசு கிடையாது, சேர்வர் வேண்டாம். போர்க்கப்பல் வேலையில் பிறந்தது வசவாசிக்குச் சரிப்படாமலா போகும்?

சிக்கல் வாசலில் இருந்தது. கணக்கை உள்ளே போடுகிற ஆள் வீட்டுக்காரம்மா. காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்து, விழுந்த சாதிக்காயைப் பொறுக்கி, தராசில் வைத்துப் பார்ப்பவர் அவர்தான். மாஸ்டர் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். கறுப்புத் திரை, அதில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "இன்செர்ட் இன்டு" என்று தொடங்கி, அட்டவணையின் பெயர், அடைப்புக்குறி, மேற்கோள்குறிக்குள் தேதி, மறுபடி அடைப்புக்குறி, கடைசியில் மறக்காமல் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளி விழாவிட்டால் கணினி ஒன்றும் செய்யாது. அடுத்த வரிக்குப் போய் இன்னும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு கிலோங்க. மத்ததையெல்லாம் நீங்களே போட்டுக்கங்க."

இந்தக் காட்சி உலகத்துக்குப் புதிதல்ல. 1969-இல் அமெரிக்காவின் ஆடம்பரக் கடையான நீமன் மார்க்கஸ் தன் விலைப்பட்டியலில் 'சமையலறைக் கணினி' என்று ஒன்றைப் போட்டது. செய்தது ஹனிவெல் நிறுவனம். விலை 10,600 டொலர். சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்கும், காய்கறி நறுக்க ஒரு பலகையும் உண்டு. ஆனால் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. இல்லத்தரசி முகப்பில் இருக்கிற பொத்தான்களை அழுத்தி ஒன்றும் பூச்சியமுமாகக் கேள்வி கேட்க வேண்டும். பதிலை மினுங்குகிற விளக்குகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக இரண்டு வாரப் பயிற்சியும் விலையோடு சேர்த்தி. ஒன்றாவது விற்றதாகப் பதிவில்லை. இரண்டு வாரம் பொத்தான் அழுத்தக் கற்கிற நேரத்தில் எத்தனை சமையல் ஆகிவிடும் என்று அந்த விளம்பரம் எழுதியவரை யாரும் கேட்கவில்லை போலும்.

இனி, வீட்டுக்காரம்மாவும் நிரப்பக்கூடிய ஒரு முகப்பைத் தேடும் படலம். மாப்பிள்ளைக்குப் பிடித்தது ஜாங்கோ. அதுவும் கேலிக்குரிய யோசனை அல்ல. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் வெளியே வந்த மென்பொருள் அது. பத்திரிகைக்காரர்கள் செய்தி போடுவதற்கென்றே, அட்டவணையைச் சொன்னால் படிவத்தைத் தானே வரைந்து தருகிற ஒரு நிர்வாகப் பக்கம் அதில் உண்டு. "சுனாமி நேரத்துல நம்ம ஆக்கள் வெப்லதான் மாமா செஞ்சாங்க," என்றும் மாப்பிள்ளை எடுத்துவிட்டார். உண்மைதான். 2004 டிசம்பரில் கடல் பொங்கியபின் இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய 'சஹனா', காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்தது. பிறகு பல நாடுகளுக்குப் போய், 2006-ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருதையும் வாங்கியது. ஆனால் மாப்பிள்ளை கொழும்பில், மிளகு இரத்தோட்டையில். ஏதாவது உடைந்தால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வரை மிளகு காத்திருக்க வேண்டும்.

போனில் நிரப்புகிற இணையப் படிவம் அழகாக இருந்தது. பெரிய எழுத்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. இணைப்பு இருந்தால்தான் போகும் என்பது மட்டுமே குறை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த ஒரு வீடு, கணக்கை வானத்தில் வைக்க யோசிப்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

விரிதாள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்குப் போதும், மாஸ்டருக்கும் தெரியும். அவருக்கு அதன்மேல் உள்ள கோபம் தொழில்முறைக் கோபம். '3-4' என்று உத்தேசமாக எடை போட்டால் அது தேதியாகிவிடும். மனித மரபணு ஆராய்ச்சிக்காரர்களே இதில் மாட்டியவர்கள். 'மார்ச்1', 'செப்ட்1' என்று பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் மார்ச் முதலாம் தேதி, செப்டம்பர் முதலாம் தேதி என்று மாற்றிக்கொண்டே இருந்தது. 2020-இல் பெயரிடும் குழு விட்டுக்கொடுத்து மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மனித குலத்தின் மரபணுவே வளைந்து கொடுக்கும்போது, மாத்தளை மாவட்டத்து வசவாசி என்ன செய்துவிடும்?

கடைசியில் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் இருக்கிற 'பேஸ்' வென்றது. 2005-இல் ஓப்பன் ஆபீஸின் இரண்டாம் பதிப்போடு வந்தது அது, இலவசம், படிவத்தை இழுத்துப் போட்டு வரையலாம். எஸ்கியூலைட்டோடு நேரே பேசாது, ஓ.டி.பி.சி. என்ற தரகர் வேண்டும். தரகர் இல்லாமல் மிளகே விற்காத ஊரில் இது பெரிய அவமானமில்லை என்று மாஸ்டர் சமாதானம் ஆனார்.

படிவம் வரைய உட்கார்ந்ததும் வாத்தியார் புத்தி வெளியே வந்தது. திரையில் பெட்டிகள் பெருகின: தேதி, நேரம், பயிர், கொடி எண், ஈரப்பதம், மழை, பொறுக்கியவர், நிறுத்தவர், சாட்சி. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "சாட்சியுமா? இதென்ன கொலைக் கேஸா?"

அப்போதுதான் மாஸ்டருக்குத் தம் தகப்பனார் நினைவு வந்தது. அவர் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். செக்ரோல் என்ற தோட்ட வரவுப் பதிவேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் படிவம் என்றால் என்ன என்று வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆட்கள் வேலைக்குத் திரளும் காலைப் பிரட்டில் பேர் போடுவார்கள். முழுநாள் கூலிக்கு முழுப்பேர், அரைநாள் கூலிக்கு அரைப்பேர். பெயர்கள் முன்னமே இடப்பக்கம் வரிசையாக இருக்கும், மேலே 1 முதல் 31 வரை தேதி. கொழுந்து நிறுக்கும்போது எழுத வேண்டியது எண் ஒன்றுதான். சாரல் அடிக்கும், பின்னால் கூடையோடு வரிசை நிற்கும், மாலை மங்கும். அப்படியிருந்தும் கட்டம் நிரம்பும். அந்தக் கட்டத்துக்குள் விழும் எண் சரியா என்பதில் தோட்டங்களில் நடந்த சண்டைகள் வேறு கதை.

தரவுத்தள இலக்கணப்படி செக்ரோல் பெரும் பாவம். அட்டவணைகளின் உறவுமுறையை 1970-இல் ஐ.பி.எம்.மில் இருந்தபடி எழுதிய எட்கர் கோட்டின் வழியில் நடப்பவர்கள், தேதிக்கு ஒரு நிரல் வைத்தவனைப் பரீட்சையில் பெயிலாக்குவார்கள். ஆள், தேதி, கிலோ என்று ஒவ்வொரு நிறையும் தனி வரியாக இறங்க வேண்டும். மாஸ்டரும் அப்படித்தான் புள்ளி போட்டுவந்தார். ஆனால் உள்ளே அட்டவணை நீளமாக இருப்பதற்கும், வாசலில் தாள் அகலமாக இருப்பதற்கும் என்ன பகை? உள்ளே கோட், வெளியே கணக்கப்பிள்ளை. மாஸ்டர் சாட்சியை அழித்தார். ஈரப்பதமும் கொடி எண்ணும் கூடவே போயின.

சமையலறைக் கதவில் ஒரு தாள் தொங்கியது. இடப்பக்கம் மிளகு பச்சை, மிளகு காய்ந்தது, சாதிக்காய், வசவாசி, கராம்பு, கறுவா, மேலே தேதிகள், நூலில் கட்டிய பேனை. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அதைப் பார்த்து மடிக்கணினியில் ஏற்றுவார். திரையிலும் அதே வரிசை, அதே பெயர்கள். கண் தாளிலிருந்து திரைக்குப் போய்வரும்போது தடுக்கக் கூடாது. தேதிப் பெட்டியில் தேதி தானே விழும், பயிரைத் தட்டச்ச வேண்டாம், பட்டியலில் தொட்டால் போதும்.

பட்டியல் என்றதும் தமிழ் தன் பங்குக்கு ஒரு வேலை வைத்தது. மொய் கொடுத்தவர்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், மனோகரன் மயில்வாகனத்துக்கு முன்னால் வந்து நின்றார். கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் ன, ந-வுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். எஸ்கியூலைட் வேறு சொல்லிக் கொடுக்காதவரை குறியீட்டு எண்ணைப் பார்த்தே அடுக்கும். பழைய மொய்ப் பட்டியல் இதைவிட மோசம்: பாமினி எழுத்துருவில் அடித்தது. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஊரார் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. அதை மாற்றி எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசை எண்ணும் கொடுத்தபின், மயில்வாகனத்தின் மரியாதை மீண்டது.

'குறிப்பு' என்ற பெட்டியை மாஸ்டர் சும்மா ஒரு மூலையில் வைத்திருந்தார். அதில் வீட்டுக்காரம்மா அதிகம் எழுதிய சொல் குரங்கு. இதற்கு முன்மாதிரி நாடே காட்டியிருந்தது. 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, இலங்கை முழுவதும் அவரவர் வளவில் தெரிகிற குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணச் சொன்னார்கள். படிவம் என்ற அளவில் மாஸ்டர் அதற்கு முழுப் புள்ளி கொடுத்தார்: விலங்கு, எண்ணிக்கை, முடிந்தது. அதை நிரப்பப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. பின்னர் அறிவித்த கணக்கில் குரங்கு மட்டும் 50 இலட்சத்துக்கு மேல். மாஸ்டர் வீட்டிலிருந்து போனது பூச்சியம்.

"நம்ம வீட்டுக்கு அதுக எட்டரைக்குத்தானே வரும்?" என்றார் வீட்டுக்காரம்மா. வந்தன. கூரைமேல் ஓடின. படிவத்தில் இடமில்லை.

அதனால் வீட்டுப் படிவத்தில் குரங்குக்கு ஒரு பெட்டி ஏறியது. நேரம் கட்டாயமில்லை, எண்ணிக்கை உத்தேசமாகவும் இருக்கலாம்.

இன்னொரு பெட்டியும் வீட்டுக்காரம்மா கேட்டுத்தான் வந்தது. மாஸ்டர் 'விலை' என்று ஒரே புலம் வைத்திருந்தார். "அது போதாதுங்க. போன்ல ஒரு வெல சொல்றாங்க, சாக்கைக் கட்டி வச்சப்புறம் வந்து ஒரு வெல தர்றாங்க. ரெண்டும் வேணும்." அப்படிப் 'பேசின விலை', 'தந்த விலை' என்று இரண்டானது. சில மாதம் நிரம்பிய பிறகு, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மாஸ்டர் ஒரு வரியில் கூட்டிக் காட்டினார். வீட்டுக்காரம்மா அதை அச்செடுக்கச் சொன்னார்.

அடுத்த முறை மிளகு எடுக்க வந்த வியாபாரி திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி அந்தத் தாளைப் படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. அன்றைக்குப் பேசின விலையே தந்த விலையானது. சாக்கை ஓட்டோவில் ஏற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"நல்லா இருக்கு சேர். எனக்கும் இப்படி ஒன்னு செஞ்சு தாங்க. அந்தப் பேசின விலைப் பெட்டி மட்டும் வேணாம்."