விசிலதிகாரம்: ஆளரவம் குறைந்த வீட்டின் ஒலிகள் குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

பிள்ளைகள் வெளியூர் போய், குடும்பத் தலைவரும் பணி ஓய்வு பெற்றுவிட்ட வீட்டில் எழும் ஒலிகளைப் பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. வெளிவந்திருந்தால் இவ்வாய்வாளர் அதைப் படிக்கவில்லை. ஆய்வுலகில் இவ்விரண்டும் ஒன்றே.

ஆய்வெல்லை: சென்னைப் புறநகரில் மூன்றாம் மாடியில் ஒரு குடியிருப்பு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. ஆய்வின் தொடக்கம் ஒரு மே 31. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இவ்வாய்வாளரின் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி வைத்தவர் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர். அவர் வசதிக்காக எல்லோரும் கோடையில் பிறந்தோம். ஆகவே எல்லோரும் கோடையில் ஓய்வு பெறுகிறோம். 58 ஆக இருந்த ஓய்வு வயதை அரசு 2020இல் 59 ஆக்கியது, மறு ஆண்டே 60 ஆக்கியது. இதை ஊழியர் சங்கங்கள் எப்படி எடுத்துக்கொண்டன என்று எழுதியவர் உண்டு. வீட்டிலிருந்த மனைவிமார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டவர் உண்டா?

முன்னோர் கருத்து: ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' என்று ஒரு பத்து இருக்கிறது. மகள் போய்விட்ட வீட்டில் தாய் புலம்பும் பாட்டுகள். தாய்க்குப் பத்து, தந்தைக்கு ஒன்றுகூட இல்லை. அகப்பாட்டில் தலைவன் பேசுவான், தலைவி பேசுவாள். தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பாணன் எல்லோரும் பேசுவார்கள். வழியில் எதிர்ப்பட்ட கண்டோரும் தம் பங்குக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். தந்தை வாய் திறப்பதில்லை. வீடு அவருடையது, காவல் அவருடையது, வசனம் மட்டும் கிடையாது.

இம்மரபு பிசகாமல் காக்கப்பட்டு வருவதை மேற்படி மூன்றாம் மாடியில் இன்றும் நேரில் காணலாம். பெங்களூரிலிருந்து மகள் பேசும் முழு வசனம் வருமாறு: "அப்பா, நல்லா இருக்கீங்களா? மாத்திரை போட்டீங்களா? அம்மாகிட்ட குடுங்க." பாடவேறுபாடு: சில நாட்களில் மாத்திரை பற்றிய தொடர் காணப்படவில்லை.

இனி ஒலிகளை வகைப்படுத்துவோம்.

தொலைக்காட்சி ஒலி: எல்லா வீட்டிலும் ஒன்றே. ஆராயத்தக்கதன்று.

கடிகார ஒலி: பிரிவுபசார விழாவில் கொடுத்தது. இனிமேல் நேரம் பார்க்க வேண்டாம் என்று அனுப்பப்படுபவருக்குக் கடிகாரம் ஏன் என்பது மானிடவியலார் கவனிக்க வேண்டியது.

சுவிட்ச் ஒலி: ஆளில்லாத அறைகளில் விளக்கணைக்கும் 'டக்'. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண விகிதமே மாறிவிடும் என்பது இவ்வொலியின் பொருளாதாரப் பின்புலம். பிள்ளைகள் இருந்தவரை தாண்டியே வந்தது. இப்போது எண்ணிக்கை எட்டாத தூரத்தில் இருக்கிறது. எனினும் 'டக்' நிற்கவில்லை.

மின்விசிறி ஒலி: நியூஜெர்சியில் உள்ள மகன் பெற்றோரை வீடியோவில் பார்க்கும்போது அவனுக்குத் தெரிவது இரண்டு நெற்றிகளும், மேலே சுழலும் விசிறியும். "விசிறியில தூசி இருக்குப்பா, துடைக்கச் சொல்லுங்க" என்பதே அவனுடைய பெரும்பான்மைக் கூற்று. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தைத் திருப்பிவைத்துக்கொள்வதால் பத்தரை மணி வேறுபாடு ஒன்பதரை ஆகும், மீண்டும் பத்தரை ஆகும். அந்த வாரங்களில் நெற்றி மட்டும் தூங்கிவழியும்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலையான குக்கர் விசிலுக்கு வருவோம்.

வீட்டில் நால்வர் இருந்து, மூவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில் குக்கர் கூவியதற்கு நேரடிச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. "என் ஐடி கார்டு எங்க", "யாரு குளியலறையில", "வண்டிச் சாவி" ஆகிய பேரொலிகளே பதிவாகியுள்ளன. ஆனால் மூவரும் டிபன் பாக்ஸோடு போயிருக்கிறார்கள். எனவே குக்கர் கூவியது என்று அனுமானத்தால் கொள்க. யாரோ கேட்டு இறக்கியிருக்கிறார் என்பதும் அனுமானமே.

பிரஷர் குக்கரின் மூதாதையைச் செய்தவர் டெனிஸ் பாப்பன் என்னும் பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1679. வெடித்துவிடாமல் இருக்க ஒரு வால்வும் வைத்தார். 1682இல் லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தபோது, விருந்துண்ட ஜான் ஈவ்லின், கெட்டி எலும்பெல்லாம் பாலாடைக்கட்டிபோல் குழைந்திருந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். எத்தனை விசில் என்று எழுதவில்லை. மூன்றரை நூற்றாண்டாக நிரப்பப்படாத இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பும் பேறு இவ்வாய்வாளருக்கு வாய்த்தது, கூடத்து நாற்காலியில்.

விசில் இருவகைப்படும்: முதல் விசில், சார்பு விசில். முதல் விசிலாவது நீர் ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடேறி, ஆவி வெயிட்டைத் தூக்கி, முழுமூச்சாகக் கூவி அடங்குவது. சார்பெழுத்து தொல்காப்பியருக்கு மூன்று, நன்னூலாருக்குப் பத்து. சார்பு விசில் மூன்றே என்பது இவ்வாய்வாளர் துணிபு. பத்தாக விரிக்க விரும்புவோர் தத்தம் நெறியாளரிடம் அனுமதி பெற்று விரிக்கலாம்.

முதலாவது, குற்றியல்விசில். கேஸ்கட் தளர்ந்தாலோ தீ குறைந்தாலோ 'உஸ்' என்று தொடங்கி, கூவாமலே அடங்கிவிடுவது. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்பது இலக்கணம். அதையொட்டி இதற்கும் அரை என்று இவ்வாய்வாளர் கணக்கிட்டார். "ஏங்க, எத்தனை ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தபோது "ரெண்டரை" என்று விடையிறுத்தார். "அரை டிக்கெட் போட அது என்ன பஸ்ஸா?" என்பது சமையலறையின் மறுப்பு. (காண்க: பால் கணக்கு நோட்டு, பின்னட்டை.)

இரண்டாவது, அயல்விசில். அடுத்த வீட்டுச் சமையலறை சன்னல் நம் சன்னலைப் பார்த்திருப்பதால், அவர்கள் பருப்பு நம் கணக்கில் ஏறுவது. ஒரே நேரத்தில் இரு குக்கரும் கூவினால் அது ஒன்றா இரண்டா? இரண்டு எனக்கொண்டு இறக்கியதால் கொண்டைக்கடலை கல்லாக இருந்த நிகழ்வு பதிவாகியுள்ளது. (காண்க: சென்ற ஆண்டுத் தினசரிக் காலண்டர், ஆடி அமாவாசைத் தாள், பின்புறம், பென்சில் குறிப்பு, காபிக் கறையால் 'கடலை' என்னும் சொல்லின் ஈற்றெழுத்து சிதைந்துள்ளது. 'கடமை' என்று பாடங்கொள்வாரும் உளர்.)

மூன்றாவது, உறக்கவிசில். செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு எண்ணும்போது கேட்பது. இது ஒலித்ததா இல்லையா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. ஒலித்தது என்பார் கூடத்தார். ஒலித்தது குறட்டை என்பார் சமையலறையார். (காண்க: ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டின் மறுபக்கக் கோடுகள், அக்கோடுகளுக்கு மகள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வரைந்த விருத்தியுரை, அவ்வுரைக்குச் சம்பந்தி அனுப்பிய கட்டைவிரல், அக்கட்டைவிரல் உடன்பாடா எள்ளலா என்று அன்றிரவு பதினொரு மணிவரை நடந்த வாய்மொழி விவாதம், அவ்விவாதத்தை முடித்துவைத்த, யார் பேசியது என்று இருதரப்பும் இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒற்றைச்சொல்.)

இக்கண்டுபிடிப்புகளை ஒரு கருத்தரங்கில் வாசிக்க முயன்றபோது கட்டுரைக்கு ஐந்து நிமிடமும் பொன்னாடைக்கு முக்கால் மணியும் ஒதுக்கப்பட்டன. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையைத் திருத்தமே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அவர்கள் அதைப் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எதிர்க்கொள்கை ஒன்று உண்டு. நேர்மை கருதி அதையும் தருகிறேன். பலகாலமாக அதே குக்கரில் சமைத்துவரும் தகவலாளி கூறியது: "நான் எப்பங்க விசிலை எண்ணி இறக்கினேன்? பருப்பு வெந்த வாசனை வந்தா அணைச்சிடுவேன். நீங்க கூடத்துக்கும் சமையலறைக்குமா நடந்துக்கிட்டே இருந்தீங்க. பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு. உக்காந்து எண்ணுங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

இக்கூற்றை ஏற்பதற்கில்லை. காரணங்கள்: இது வாய்மொழி, எழுத்துச் சான்று இல்லை. தகவலாளிக்கு ஆய்வுப் பட்டம் இல்லை, அடுப்பு மட்டுமே இருக்கிறது. மேலும் இதை ஏற்றுக்கொண்டால் இவ்வாய்வுக்குப் பொருளே இல்லாமற்போகும். இம்மூன்றாவது காரணத்தைப் பல்கலைக்கழகங்களில் வெளிப்படையாக எழுதுவது வழக்கமில்லை. இவ்வாய்வாளர் ஓய்வு பெற்றவராதலின் எழுதுகிறார்.

குக்கரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்ததில், அதிலும் விசில் கணக்கு இல்லை. அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கில் வேகவிடச் சொல்கிறது. கையேடு பிற்கால இடைச்செருகலாக இருக்கலாம்.

ஆகவே அடுத்த வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: காலை பத்தரை முதல் பதினொன்று வரை உங்கள் குக்கரைச் சன்னலோரம் வைக்காதீர்கள், இங்கே ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் அறிஞர்கள் தாராளமாக எழுதலாம். நேரில் வருவதாக இருந்தால் மூன்றாவது விசிலுக்குப் பிறகு வரவும். சாப்பாடு உண்டு; இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இன்னும் நாலு பேருக்குத்தான் உலை வைக்கிறார்கள்.