முனியாண்டி சைவமான கதை

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் இப்போது சாமிகள் அனைவரும் சைவம். மனிதர்கள்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நாங்கள் பால் வெட்டிப் பிழைத்த கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம், துண்டு துண்டாகக் கைமாறிப் போய்விட்டது. ஒரு பக்கம் தொழிற்சாலைகள், மறுபக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். தோட்டத்துக் கோயிலும் தாமான் ஓரத்துக்குக் குடிபெயர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்தார்கள், கோபுரம் எழுந்தது, குருக்கள் வந்தார், கும்பாபிஷேகம் நடந்தது. கையில் அரிவாள், வாயில் சுருட்டு, காலடியில் கள்ளுப் போத்தல் என்று மரத்தடியில் காவல் இருந்த முனியாண்டி, டைல்ஸ் பதித்த சந்நிதிக்குள் முனீஸ்வரராகிவிட்டார். நைவேத்தியம் சர்க்கரைப் பொங்கல். மதுரைப் பக்கம் வடக்கம்பட்டியில் இதே முனியாண்டிக்குத் தை மாதம் ஆட்டுப் பிரியாணி ஆக்கிப் படைத்து, அதையே ஊருக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரர்கள் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்து செய்யும் திருவிழா அது. கடல் கடந்து வந்தவருக்கு மட்டும் இந்தப் பத்தியம். இதில் சம்மதமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் ஆட்டைக்கூடக் கேட்டார்கள்.

கடா வெட்டு நாளன்று ஆட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, முனியாண்டி முன்னால் நிறுத்துவார்கள். பூசாரி தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். ஆடு உடம்பைச் சிலிர்த்தால்தான் உத்தரவு. அதுவரை அரிவாள் ஓங்கக் கூடாது. தப்பு மேளம் நின்றுவிடும். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். சில ஆடுகள் உடனே சிலிர்த்துக்கொள்ளும். சில ஆடுகள் எங்களைத் திருப்பிப் பார்த்தபடி கல்லாக நிற்கும். பூசாரி கெஞ்சுவார், "என்ன குறை வச்சோம், சொல்லு சாமி" என்பார், இன்னொரு செம்பு ஊற்றுவார். அதற்கும் அசையாவிட்டால் காதுப் பக்கமாக ஊற்றுவார். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலிர்க்கும். ஆட்டுக்கு வாக்குரிமை இருந்தது. தேர்தலை நடத்தியவர் பூசாரி. ஆனாலும் கேட்க வேண்டும் என்ற எண்ணமாவது இருந்ததே என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன்.

வெட்டியதும் தலை பூசாரிக்கு. மற்றது கூறு கூறாகப் பிரிந்து இலையில் போகும். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் ஈரல் இருக்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக்குப் போகும் கூறு ஏனோ எப்போதும் சற்று கனமாக இருக்கும். ஆட்டை வளர்த்த பெண் மட்டும் அன்றைக்குச் சோறு உண்ண மாட்டாள். குட்டியிலிருந்து பேர் சொல்லி அழைத்து, கித்தாக் காட்டுக்குள் தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவள் அவள். அவள் வீட்டுக் கூறு சட்டியில் கொதிக்கும், பிள்ளைகள் சாப்பிடுவார்கள், அவள் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். அவளை யாரும் சமாதானப்படுத்தவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. யாராவது ஒருவர் அழ வேண்டும் என்பதும் அந்தச் சடங்கில் சேர்த்திதான் என்பதுபோல விட்டுவிடுவார்கள்.

தீபாவளி, திருவிழா, கல்யாணம், கருமாதி முடிகிற பதினாறாம் நாள். இறைச்சி என்பது காலண்டரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளாக இருந்தது. மற்ற நாளில் நெத்திலி, கருவாடு, மரவள்ளிக்கிழங்கு. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக் கோழி ஒன்று காணாமல் போனால் அது விசேஷம்.

கோயில் சைவமானது கோயில் குழுவின் ஒரே கூட்டத்தில். 1965இல் தொடங்கிய மலேசிய இந்து சங்கம், கோயிலில் உயிர்ப்பலி வேண்டாம் என்று பல காலமாகச் சொல்லி வந்தது. எங்கள் ஊர் அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு கடா வெட்டியது. இடம் மாறி, கோபுரம் எழும்பிய பிறகுதான் பிரச்சினை வந்தது. "வெளியூர் ஆளுங்க வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார் ஒருவர். தோட்டத்துச் சனம் என்று நினைப்பார்கள் என்பதுதான் அதன் பொருள். அது எல்லோருக்கும் புரிந்தது. அகிம்சை, ஜீவகாருண்யம், வள்ளலார் எல்லாம் தீர்மானம் எழுதும்போது வந்து சேர்ந்த சொற்கள். தலைவர் ஒரு பத்திரிகைத் துணுக்கையும் வாசித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டிலேயே கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடைச் சட்டம் வந்ததாம். அரை நூற்றாண்டு தூங்கிய அந்தச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் முதலமைச்சர் ஜெயலலிதா எழுப்பிவிட்டாராம். "தாய்நாட்டிலேயே நிறுத்திட்டாங்க" என்றார். தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிந்து குழு முழுக்க எதிர்க் கடைக்குப் போய் ஆட்டுக் குழம்போடு ரொட்டி சானாய் சாப்பிட்டது. நானும்தான். 2004 தொடக்கத்தில், தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், அதே ஜெயலலிதா அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார். அந்தத் துணுக்கைத் தலைவர் வெட்டி வைக்கவில்லை.

முனியாண்டிக்குப் போகாத ஆடு உயிர் பிழைத்ததா என்றால், இல்லை. அது ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வருகிறது. பேர் கிடையாது, முகம் கிடையாது, சிலிர்ப்பதற்குத் தோல்கூடக் கிடையாது. வாரம் ஒரு முறை வாங்குகிறோம். கோழியோ தினசரி. மலேசியாவில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கிலோ கோழி தின்கிறோம் என்பது கணக்கு, உலகத்திலேயே முன்வரிசை. 2022 ஜூன் 1ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழி வெளியே போய்க்கொண்டிருந்ததாம். ஜூலையில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்ச விலை வைத்தார்கள். அந்த வாரம் புக்கிட் ரம்பாய்க் கடைகளில் நடந்த பேச்சைக் கேட்டிருந்தால், ஏதோ குடியுரிமையைப் பறித்துவிட்டது போலிருந்திருக்கும். ஐந்தாறு வாரம் மட்டும் உயிரோடிருந்து தராசுக்கு வரும் அந்தப் பண்ணைக் கோழிக்கு வேறு மனக்குறை ஏதும் இருக்குமா என்று யாரும் பேசவில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. இங்கே கடையில் வாங்கும் கோழியில் பெரும்பாலானது ஹலால். ஒரு முஸ்லிம் இறைவன் பெயரைச் சொல்லித்தான் அறுத்திருப்பார். தட்டுக்கு வந்து சேரும் உயிருக்காக யாரோ ஒருவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்கிறார், அது நாங்கள் அல்ல. எங்கள் வார்த்தையை எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டோம்.

இதற்காக அந்தக் காலத்தை உத்தமமென்று சொல்ல வரவில்லை. என் பாட்டியைப் பற்றிச் சொன்னால் புரியும்.

பாட்டி மாட்டிறைச்சியைத் தொட்டவள் அல்ல. அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டாள். ஆனால் மாடு வளர்த்தாள். தோட்டத்து லயத்து வீடுகளில் பல குடும்பங்கள் வளர்த்தன. சம்பளம் மளிகைக் கடனுக்குப் போகும், பால் காசு பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்குப் போகும். பசு கன்று போட்டால்தான் பால். கன்றில் பாதி காளை. இங்கே ஏரும் கிடையாது, வண்டியும் கிடையாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரம் முன்னால் பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து ஒரு பெரியவர், பக்சிக் என்போம், வருவார். காளையைச் சுற்றி வந்து முதுகைத் தட்டிப் பார்ப்பார்.

"வளர்க்கத்தானே?" என்பாள் பாட்டி, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில்.

"வளர்க்கத்தான், ஆச்சி" என்பார் அவர்.

ஒவ்வொரு வருடமும் அதே கேள்வி, அதே பதில். லோரி கிளம்பும்போது பாட்டி அடுப்படியில் ஒரு வேலையைத் தேடிக்கொள்வாள். பெருநாள் முடிந்ததும் அவரே ஒரு தூக்கில் கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் கறியும் கொண்டு வருவார். "கோழி ரெண்டாங், ஆச்சி, கோழி" என்று இரண்டு முறை அழுத்திச் சொல்வார். அவளும் வாங்கிக்கொள்வாள். காளை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டாள். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவரையும்தான். இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய ஒரு சிறு வேலி அது. அதற்கு இந்தப் பக்கம் நின்றுதான் நாங்கள் பால் குடித்தோம்.

பள்ளிக்கூடத்தில் குறளின் 26ஆம் அதிகாரம், புலால் மறுத்தல், மனப்பாடப் பகுதியில் வந்தது. ஒப்பிக்கத் தவறியவனுக்குப் பிரம்படி. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

காட்டு உருப்படிகளையும் மறந்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாய்களோடு போய்க் காட்டுப் பன்றி கொண்டு வருவார்கள். இழுப்பு நோய்க்கு உடும்பு, உடல் பலத்துக்கு அலுங்கு. 2010 வனவிலங்குச் சட்டத்தில் அலுங்கு முழுப் பாதுகாப்புக்குள் இருக்கிறது, தொட்டால் சிறை. அந்தக் காலத்தில் அலுங்குச் சாறு குடித்தே தேறியதாகச் சொல்லும் என் சித்தப்பா, இப்போது அலுங்கைக் காப்பாற்றுங்கள் என்று கண்ணீர் விடும் வீடியோக்களை வாட்ஸாப்பில் அனுப்புகிறார். அவருக்கு இழுப்பு இன்னும் இருக்கிறது.

1999ஐச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து மாநிலத்தில், புக்கிட் பெலாண்டோக்கில், பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் பரவியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணி முதலில் கொசுவை அடித்தார்கள். பிறகுதான் நிப்பா என்ற புதுக் கிருமி என்று தெரிந்தது. நாட்டில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று குழியில் புதைத்தார்கள், ராணுவத்தையும் இறக்கினார்கள். தொலைக்காட்சியில் பார்த்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இறைச்சியே வேண்டாம் என்று பலரும் சொன்னார்கள். சொன்னது பயத்தில், பயம் தெளிந்ததும் பசி வந்துவிட்டது. 2007இல் எங்கள் மலாக்காவிலேயே, பாயா மெங்குவாங்கில், மாநிலத் தேவைக்கு 48,000 பன்றி போதும் என்று அரசாங்கம் பண்ணைகளைக் குறைக்கப் போனபோது பெரிய தள்ளுமுள்ளு. நாற்றம், ஆறு, பிழைப்பு, அரசியல் எல்லாம் பேசப்பட்டன. பன்றி பேசப்படவில்லை.

இப்போதைய விசேஷம் சைவ மட்டன். சீனர்களின் சைவக் கடையில் உறைய வைத்த பொட்டலமாகக் கிடைக்கிறது. சோயாவும் கோதுமைச் சத்தும் காளான் தண்டும் சேர்த்து நார் நாராக அப்படியே ஆட்டிறைச்சி மாதிரி. புரட்டாசியில் எங்கள் தாமானே அதை வைத்துத்தான் உயிர் வாழ்கிறது. மாசி மகத்துக்கு மலாக்காவிலிருந்து வெள்ளித் தேர் செங் சன்னாசிமலைக்குப் போகும் நாளில், எங்கள் அன்னதானத்தில் சைவ மட்டன் பிரட்டல் போடலாமா என்று குழுவில் கேள்வி எழுந்தது. நீண்ட விவாதம். போடலாம், ஆனால் பலகையில் "சோயா" என்றுதான் எழுத வேண்டும் என்று முடிவானது. ஆட்டையே நிறுத்துவதற்கு இத்தனை நேரம் ஆகவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்த ஒரு பெரியவர் மென்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், எலும்புதான் இல்லை" என்றார்.

என் தங்கை மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். அவள் வீகன். இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், நெய் எதுவும் தொட மாட்டாள்.

"அப்போ சாமிக்குப் பால்குடம் எடுக்கிறது?" என்றாள் என் தங்கை, மடக்கிவிட்ட தோரணையில்.

"தேங்காய்ப் பால் எடுக்கலாம்மா."

"பசு தானா கொடுக்குற பாலும்மா அது. அதுல என்ன பாவம்?"

"காளைக்கன்னு எங்கேம்மா போகும்?"

தங்கை என்னைப் பார்த்தாள். பாட்டியும் பக்சிக்கும் நினைவுக்கு வந்தது எங்கள் இருவருக்கும்தான். வாய் திறந்தவர் யாருமில்லை. "சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சு இது" என்று தங்கை பேச்சை மாற்றினாள்.

போன தீபாவளிக்கு நாலு குடும்பம் சேர்ந்து லோக்கல் ஆடு ஒன்று சொல்லலாம் என்று ஏற்பாடு. பழைய ருசி வேண்டுமாம். ஆட்டுப் பண்ணைக்காரர் வாட்ஸாப்பில் படம் அனுப்பினார்; பிள்ளைகள் பார்த்து அதற்குப் பேர் வைக்கத் தொடங்கியதும் பெரியவர்கள் படத்தை அழித்துவிட்டார்கள். அறுப்பு நாளன்று பண்ணைக்கு நேரில் வரலாம், அங்கேயே ஆள் வைத்து அறுத்துக் கூறு போட்டுக் கொடுப்போம் என்று அவர் எழுதியிருந்தார். யார் போவது? மச்சான்களுக்கு முதுகு வலி. தங்கைக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஓவர்டைம். வாரம் முழுக்கத் தின்கிற ஒருவருக்கும் ஓய்வில்லை.

"நான் வரேன் மாமா" என்றாள் மருமகள்.

"நீயா? நீதான் சாப்பிட மாட்டியே."

"சாப்பிடாதவளாவது பார்க்கணும்ல."

என் தங்கை பதறிப் போய்விட்டாள். பாவம், சின்னப் பொண்ணு, அதையெல்லாம் ஏன் பார்க்கணும் என்று அங்கலாய்த்தாள். மருமகள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கார் கிளம்பும்போது தங்கை ஜன்னல் பக்கம் ஓடி வந்து குனிந்தாள். மனம் மாறித் தானும் வருகிறாளோ என்று கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணே, ஈரலை மட்டும் தனியா கட்டச் சொல்லுங்க. போன தடவை எல்லாத்தோடயும் கலந்துட்டாங்க."