டார்ச் பிடித்தவள்

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்த மோட்டார்சைக்கிள் பாடம் என் தம்பிக்கானது. நான் டார்ச் பிடிக்க வந்தவள். புல்லட் ஒருநாள் மகனுக்குப் போகும், ஆகவே மகன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் அப்பாவுக்கு இரண்டாவது யோசனையே இருந்ததில்லை. தம்பி இன்று பெங்களூரில் வாகனங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறான். வண்டி என்னிடம் இருக்கிறது. குரங்கணியில், அம்மா வழியில் வந்த இலவந்தோப்பு வீட்டின் தாழ்வாரத்தில், ஈரம் படாத மூலையில் நிற்கிறது.

அப்பா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. திங்கள் விடியுமுன் ஏறினால் சனி பொழுதுசாய இறங்குவார். அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். அப்பாவுக்கு மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 350 புல்லட். பின்னால் ஒரு சாக்கு, பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் ஸ்பேனர்கள், ஒரு கிளட்ச் கேபிள், இரண்டு பிளக், சுருட்டிய கம்பி, ஒரு துண்டுச் சோப்பு. டேங்கில் கசிவு கண்டால் சோப்பை அழுத்தித் தேய்த்து வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

இன்று சனிக்கிழமை காலையில் அதே சாலையில் பெட்டி கட்டிய வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. அப்பா எந்த நாளில் இறங்குவதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்தாரோ, அந்த நாளில் மதுரையும் திண்டுக்கல்லும் மேலே போகின்றன. பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மூடுபனியில் சம்பளத்துக்காகப் போன ஒருவரின் பாதையில், அதே பனியைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் வருகிறார்கள்.

அப்பாவின் புல்லட்டில் இருந்தது, சென்னை திருவொற்றியூரில் 1950-களில் கட்டத் தொடங்கிய எஞ்சின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. இந்த அளவுகள் பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. மதுரையில் எவரோ கழற்றிப்போட்ட வண்டியின் புஷ் ராடு எங்கள் வண்டியில் வந்து உட்காரும். மலையில் ஒரு புல்லட் நின்றால் அடுத்து வருகிற புல்லட்காரர் இறங்கி வந்து பார்ப்பார். அவர் வண்டிக்குள்ளும் அதேதான் இருக்கிறது, அதனால் அவருக்குத் தெரியும். அந்த நாளில் ஊருக்கு ஒரு மெக்கானிக் போதுமாயிருந்ததற்குக் காரணம், ஊரில் பாதிப்பேர் அரை மெக்கானிக்காக இருந்தார்கள் என்பதுதான்.

பாடம் இப்படி நடக்கும். சாக்கை விரித்து, மேலே பழைய தினசரியைப் பரப்பி, கழற்றுவதையெல்லாம் இடமிருந்து வலமாக வரிசை வைப்பார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்து வர வேண்டும். கடைசியில் ஒரு வாஷர் மிஞ்சினாலும் மறுபடி முதலிலிருந்து. இக்னிஷன் பாயிண்ட் முகத்தை உப்புத்தாளால் மெல்ல இரண்டு இழுப்பு இழுத்து, துணியால் துடைப்பார். இடைவெளி 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் தகடு உள்ளே போகும்போது லேசான பிடிப்பு விரலுக்குத் தெரியணும்; இறுக்கமும் ஆகாது, வழுக்கிக்கொண்டு போவதும் ஆகாது.

டேப்பட் சரிபார்ப்பது எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு புஷ் ராடுகள். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், ராடை விரலால் உருட்டினால் தடையின்றி உருள வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. புத்தகத்தில் இதற்கு எண் கிடையாது, விரல்தான் அளவு. ஒரு ஞாயிறு தம்பி கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டான். அப்பா நட்டைப் பூட்டிவிட்டு, யாரிடமாவது உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"தாயி, நீ தொட்டுப் பாரு. உருளுதா?"

"உருளுதுப்பா."

"ஆடுதா?"

"இல்லப்பா."

உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டாள். "பொட்டப்புள்ள கையில எண்ணெயும் பிசுக்குமா! நாளைக்கு யாரு வந்து பாப்பாக?" அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும், தம்பி இருக்கும்போதே, தொட்டுப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

அவருடைய ஆசை முழுக்க வேறாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் நகக்கண்ணில் தங்கிய கறுப்பு தெரியாமல் விரலை மடக்கிக்கொள்வார். தம்பியைக் காட்டி, "இவன் காலத்துல இந்த எழவெல்லாம் இருக்காது. சாவியப் போட்டா ஓடணும், திறந்தே பாக்கக் கூடாது. அப்படி ஒரு வண்டி வரும் பாரு" என்பார். வந்துவிட்டது. அதற்கு மூளை எழுதுகிறவர்களில் ஒருவன் அவருடைய மகனே. அந்த வண்டிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019-லிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். மழையில் இந்த மலைச்சாலையில் புலியூத்துப் பக்கம் இறங்குகிறவர்களில் எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கும். அப்பாவுக்கு இருந்தது டிரம் பிரேக்கும் இரண்டாவது கியரும். இறக்கம் முழுவதும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும்; பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார், சூடேற விடமாட்டார்.

தாய்மாமா வைத்திருந்தது மைசூரில் செய்த யெஸ்டி, டூ ஸ்ட்ரோக். அதற்கு விதியே வேறு. அதில் பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. நெடிய இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதும் மூடி வைத்தால் பெட்ரோலும் போகாது, ஆயிலும் போகாது, சக்கரம் மட்டும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டன் பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்குவார் மாமா. ஏதோ வீம்புக்குச் செய்கிறார் என்று ஊரில் நினைத்தார்கள். பழைய டூ ஸ்ட்ரோக்கை வாங்கிக்கொண்டு இந்த மலைக்கு வருகிற இன்றைய பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்று என்னை ரொம்பவும் கவலைப்பட வைப்பது பெட்ரோல். அப்பா காலத்தில் பெரிய பயம் மண்ணெண்ணெய்க் கலப்படம். ரேஷன் மண்ணெண்ணெயை நாங்கள் கிண்ணத்தில் ஊற்றிப் பாகங்களைக் கழுவுவோம். அதே மண்ணெண்ணெய் டேங்குக்குள் வந்துவிடக் கூடாது என்று அப்பா கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு உலர்த்தி முகர்ந்து பார்ப்பார். கலந்து விற்றதாகச் சந்தேகப்பட்டு ஒரு பங்க்கில் அவர் போட்ட சண்டையை நான் பார்த்திருக்கிறேன். இன்று பெட்ரோலில் இன்னொன்று கலப்பது நாட்டின் கொள்கை. எத்தனால் 10 சதவீதத்தை 2022-ல் எட்டினார்கள். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னால் இழுத்து, 2025-ல் எட்டிவிட்டார்கள். கச்சா எண்ணெய் இறக்குமதியில் ஒரு பகுதி மிச்சமாகிறது, கரும்புக்கும் தானியத்துக்கும் ஒரு சந்தை கிடைக்கிறது. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கலவையை நினைத்தே பார்க்காத காலத்தில் செய்த ரப்பரும் டேங்கும் இன்னும் லட்சக்கணக்கான வீடுகளில் நிற்கின்றன. பால்காரரும் கொத்தனாரும் ஓட்டுவதும் அவற்றைத்தான்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். குரங்கணியில் ஆனி ஆடி மாதச் சாரலில், பாதி டேங்கோடு வண்டியை ஒரு மாதம் நிறுத்தினால் போதும். காலியாக இருக்கும் இடத்து ஈரக்காற்றிலிருந்து தண்ணீர் சேர்ந்து, எத்தனாலோடு கலந்து கனத்து, அடியில் தனியாகத் தங்கும். டேங்க் துருப்பிடிப்பது அங்கேதான். பழைய ரப்பர் குழாய் உப்பும், பிறகு வெடிக்கும். கார்புரேட்டரில் ஃப்ளோட் ஊசியின் முனை ரப்பராக இருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். அதோடு, கொள்ளளவுக்குக் கொள்ளளவு எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அது எரியத் தேவையான காற்றும் குறைவு. பழைய ஜெட்டை அப்படியே வைத்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறத்துக்குப் பதில் வெளுத்திருக்கும்.

நான் செய்வது இதுதான். எத்தனால் தாங்கும் குழாய் மாற்றிவிட்டேன். மெயின் ஜெட் ஒரு நம்பர் பெரிது. வண்டியை நிறுத்தி வைக்கும் முன், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானே அணையும்வரை ஓட விடுவேன். டேங்க் நிறைந்திருக்க வேண்டும், அல்லது முற்றிலும் வடித்துக் காய்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நிலை கூடாது. பழைய வண்டிகளைச் செய்து விற்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பர் சாமான்களை ஒரே பொட்டலமாக நியாய விலையில் தர வேண்டும். பழைய பாகப் படங்களை அச்சிட்டு எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். இது சலுகை இல்லை, விற்ற பொருளுக்கான பொறுப்பு. 15 வருடம் தாண்டிய இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனபோது எல்லோரும் கட்டினோம். பழைய வண்டியை ஒழுங்காக வைத்திருக்கச் சொல்கிறவர்கள், ஒழுங்காக வைத்திருக்க வழியும் தர வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் எழுதியாக வேண்டும். முன்பு வண்டி எங்கே நின்றதோ அங்கேயே, புல்மேட்டில் சாக்கை விரித்துக் கார்புரேட்டரைத் திறந்துவிடுவோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். மாசி பங்குனியில் இந்தச் சரிவில் போதைப்புல் காய்ந்து எப்படி நிற்கும் என்று பார்த்தவர்களுக்கு, சூடான சைலன்சரும் சிந்திய பெட்ரோலும் அதற்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்போதெல்லாம் சிமென்ட் தரையில், ஒரு வாளி மணலோடுதான் வேலை. என்னிடம் வண்டி காட்ட வருகிறவர்களையும் தார்ச்சாலையை விட்டு ஓரப் புல்லில் வண்டியை ஏற்ற நான் விடுவதில்லை.

சாமான் வாங்குவது மட்டும் எளிதாகிவிட்டது. மதுரைக்கும் போடிக்கும் 1928-ல் வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதையில் மறுபடி 2023 ஜூன் 15-ல் வந்தது. அப்பாவின் பிஸ்டன் ரிங்குகளை மடியில் வைத்துக்கொண்டு நான் வந்தது அந்தப் பழைய ரயிலில். ரயில் திரும்பி வந்தபோது, ரிங் கூரியரில் வாசலுக்கே வரத் தொடங்கியிருந்தது.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். பழைய புல்லட்டை ஒருவரிடம் புதுப்பித்துத் தரச் சொல்லி, புது வண்டி விலைக்கு வாங்கியிருக்கிறான். மெருகு, குரோம், டேங்கில் கையால் இழுத்த தங்கக்கோடு, எல்லாமே அழகு. டேப்பட் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடியின் நட்டில் பெயின்ட் ஒட்டியிருந்தது. பெயின்ட் அடித்த பிறகு யாரும் திறக்கவில்லை. உள்ளே ஒரு ராடு இறுகி நின்றது. வால்வு முழுதாக மூடாமல் ஓடியிருக்கிறது.

சாக்கை விரித்தேன். அவன் கைபேசியில் படமெடுக்க ஆரம்பித்தான்.

"தம்பி, அதை உள்ள வை. விரலை விட்டு உருட்டிப் பாரு."

"அக்கா, கையெல்லாம் ஆயில் ஆயிடும்னு இல்ல... எனக்கு ஆசைதான். ஆனா தப்பாயிருமோன்னு பயமா இருக்கு."

பயம் இருக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எஞ்சினைத் திறக்கிறவனுக்கு அது நல்ல குணம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு ராடும் சரியாக நின்றன. கறுத்த நகத்தோடு சாப்பிட உட்கார்ந்து, அந்த விரல்களை அவன் என் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பந்தியில் விரலை மடக்கிய அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மகிழ்ந்திருப்பார் என்று நம்ப விரும்புகிறேன்.

கிளம்பும் முன் கிக் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, பிறகு விட்டு, ஒரே உதை. எடையைப் போட்டு மிதிக்க வேண்டியதில்லை. மெலிந்த என் காலுக்கே அது போதும் என்று அவனுக்குக் காட்டிவிட்டுத்தான் விட்டேன்.

மாலையில் போடிமெட்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா, மேல வந்ததும் ஐடில் நிக்கல. புகையும் கறுப்பா வருது."

"காத்து லேசாயிருச்சு, பெட்ரோல் அதிகமாப் போகுது. ஏர் ஸ்க்ரூவ அரைச் சுத்து வெளிய எடு."

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடப்பக்கம். மெதுவா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எஞ்சின் சீராகத் தட்டும் சத்தம் போனிலேயே கேட்டது. அவன் சந்தோஷத்தில் கத்தியதும் கேட்டது. நாளைக்கு இறங்கும் முன் அதே அரைச் சுற்றை மறக்காமல் உள்ளே திருப்பிவிடச் சொன்னேன்.