ஈக்குக் கம்பளி, மாமனுக்குத் துண்டு

மருமவனே, குழித்துறையில ஜெயந்தி ஜனதா ரயில் ஏறி, ஒன்றரை நாள் காலை மடக்கி இருந்து, புனேயில எறங்கினவன் நான். வயசு எழுபது தாண்டியாச்சு. நீ எனக்குப் போத்த ஒரு ஈரிழைத் துண்டு தந்தே. பின்பக்கத் தோட்டத்துல நிக்கிய தேன்பெட்டி ரெண்டுக்கும் ஆளுக்கொரு கம்பளி. கம்பளிக்கு உள்ள தெர்மாகோல், வெளிய பிளாஸ்டிக் தாளு. நான் கொறை சொல்லல, கேட்டியா. விருந்தாளியக் கவனிக்கியதுல ஒரு வரிசை உண்டு. பெட்டி போன வருசமே வந்துது, நான் நேத்துதானே வந்தேன்.

"என்னடே இது"ன்னு கேட்டா, "குளிர்காலப் பராமரிப்பு மாமா"ங்கே. கனடாக்காரன் ஒருத்தன் வீடியோவுல சொல்லிக் குடுத்தானாம்.

அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அங்க பனி விழுந்தா நாலஞ்சு மாசத்துக்கு ஒரு பூ கெடையாது. ஈயெல்லாம் ராணிய நடுவுல வச்சு, சக்கைப்பழம் மாதிரி ஒட்டுக்கா உருண்டுக்கிடும். றெக்கைய அசைக்காம, றெக்கைச் சதைய மட்டும் நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கும். வெளிய நின்ன ஈ கொஞ்ச நேரத்துல உள்ள போகும், உள்ள நின்னது வெளிய வரும். நம்ம ரேஷன் கடை வரிசையில இந்த நியாயம் கெடையாது. அந்த அடுப்புக்கு வெறகு தேன்தான். பெட்டிக்கு 20, 30 கிலோ தேனை எடுக்காம விட்டு வச்சாத்தான் வசந்தம் வரைக்கும் தாங்கும். இன்னொண்ணு, சொல்லக் கூச்சம், ஆனாலும் சொல்லணும். ஈ கூட்டுக்குள்ள வெளிக்கிருக்காது. ஒரு நல்ல வெயில் அடிக்கிய வரைக்கும், வாரக்கணக்குல அடக்கிட்டே கெடக்கும். ஒனக்க ஈ அப்படியா? காலைல ஒனக்க கார் மேல மஞ்சப் புள்ளியாக் கெடந்துதே, மருமவ சாயமுன்னு நெனச்சுத் தொடச்சாளே. அது சாயமில்ல மக்கா. தெனமும் வெளிய போய்ட்டு வாறோமுன்னு ஈ போட்ட கையெழுத்து.

ராத்திரி 11 டிகிரின்னு போனைக் காட்டிப் பதறினே. மத்தியானம் அதே போன் 29 காட்டுச்சு, அதை நீ பாக்கல. இந்த ஊர்க்காரன் இந்தக் குளிருக்கு 'குலாபி தண்டி'ன்னு பேரு வச்சிருக்கான். ரோசாக் குளிர். பயப்படுக குளிருக்கு எவனாவது ரோசான்னு பேரு வைப்பானா? ஒனக்க பெட்டியில கெடக்கியது சாதேரி, நம்ம ஊர் அடுக்குத் தேனீ. அதுக்க சொந்தக்காரங்க காஷ்மீர், இமாச்சல் பக்கம் வீட்டுச் சுவருக்குள்ள பதிச்சு வச்ச கூட்டுல பனிக்காலத்தையே கழிக்கிய ஆளுக. அந்த வம்சத்துக்கு புனேக் குளிர், கல்யாண வீட்டு ஃபேன் காத்து.

சொல்லப்போனா இப்பதான் அதுக்கு வேலைக்காலம். ஊருக்கு வெளிய ரபி சோளம் கதிர் தள்ளி மகரந்தம் கொட்டும். அதுக்குப் பின்னால குசும்பாப்பூ. வெங்காயத்துக்கு விதை எடுக்கிய தோட்டக்காரன், பூ வந்ததும் தேன்பெட்டிக்காரனைத் தேடி அலைவான். அட, ஒனக்க பக்கத்து அடுக்குமாடியில பதினோராவது மாடிப் பால்கனிக்கு அடியில ஒரு முறம் அகலத்துக்குத் தொங்குதே, மலைத்தேனீ, இந்த ஊர் 'ஆக்யா மோஹோள்', அதைப் பாரு. மழை முடிஞ்சு சமவெளிக்கு எறங்கி வந்திருக்கு. பெட்டி இல்ல, கம்பளி இல்ல, வீடியோவும் இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டித் திரை மாதிரி அடைய மூடிக்கிட்டு வெட்டவெளியில நிக்குது. சொசைட்டிக் கூட்டத்துல ஒரு பெரிய மனுசன் "கொளுத்திருவோம்"ன்னாராம். நீ எந்திரிச்சு நாலு வார்த்த சொல்லாம மொபைலை நோண்டிக்கிட்டு இருந்தியாம். மருமவ சொன்னா. தேனீ வளக்கியவனுக்குக் கொடுக்கு ஈகிட்ட மட்டும் இருந்தாப் போதாது.

சரி, ஒரு காரியம் செய்யி. சுத்தி வச்சதை அவுத்து, மூடியத் தூக்கி, அடிப்பக்கம் கையத் தடவு. நனஞ்சிருக்கா? ஈயும் மூச்சு விடும். பூவுல இருந்து கொண்டாந்த தேன்ல பாதிக்கு மேல தண்ணி, அதை விசிறி விசிறி வெளிய தள்ளும். நீ ஓட்டையெல்லாம் டேப்பு ஒட்டி அடச்சா அந்த ஈரம் எங்க போகும்? மூடியில வேர்த்து அடை மேல சொட்டும். கம்பளி சுத்துக பனிநாட்டுக்காரனும் மேல காத்துக்கு ஒரு வழி விடுவான். வீடியோவுல அந்த எடத்தை நீ விரலால தள்ளி விட்டிருப்பே. குளிர்ந்த ஈ பெழச்சுக்கிடும். நனஞ்சு குளிர்ந்த ஈக்குச் சங்குதான்.

பொறவு, மேல காலியா ஒரு தேன் அறை எதுக்கு? அதை எடுத்து உள்ள வை. புழு இருக்கிய எடம் 34, 35 டிகிரியில நிக்கணும், ஈ தேனைத் தின்னுதான் அந்தச் சூட்டை உண்டாக்கணும். நாலு பேரு குடும்பத்துக்கிட்ட மண்டபம் முழுக்கச் சூடாக்கச் சொன்னா எப்படி? வாசலைக் கிழக்க பாத்துத் திருப்பி வை, வெயில் வந்து எழுப்பி விடட்டும். பெட்டிக்கால் கிண்ணத்துல தண்ணி வத்திக் கெடக்கு, எறும்புக்குப் பாலம் நீயே கட்டிக் குடுத்த மாதிரி. இவ்வளவுதான் வேலை. அரை மணிக்கூர்ல முடிஞ்சிரும்.

ஒனக்கு அதுல திருப்தி வராது, தெரியும். தெனமும் விடியக்காலம் மூடியத் தெறந்து "குளிருதா"ன்னு எட்டிப் பாக்கே. பெத்துக் கெடக்கியவ கதவைப் போற வாறவன் எல்லாம் தெறந்தா பிள்ளைக்கு என்ன ஆகும்? பாக்கணுமுன்னா மத்தியானம் பதினொரு மணிக்கு மேல, பத்து நாளைக்கு ஒருக்கா. மத்த நாளு வாசல்ல நின்னு பாரு. கால்ல மகரந்த உருண்டையோட வந்து எறங்கினா உள்ள புள்ளைகளுக்குச் சோறு பொங்குதுன்னு அர்த்தம். பெட்டிய ஒரு பக்கமாத் தூக்கிப் பாரு, கனமிருந்தா இருப்பு இருக்கு. பாங்கு புத்தகத்தைத் தெறந்து பாக்காமலே நான் ஒனக்க நிலவரத்தைச் சொல்லுகேன்ல, அது மாதிரி.

ரெண்டாவது பெட்டிய நேத்து நான் தூக்கிப் பாத்தேன். கனமே இல்ல. "என்னடே"ன்னா மென்னு முழுங்குகே. மருமவதான் சொன்னா, தீபாவளிக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் ரிப்பன் கட்டின குட்டி பாட்டில் குடுத்தியாம். சோத்துப் பானைய எடுத்துட்டுக் கம்பளி போத்தி விட்டிருக்கே. கோயில் நெலத்தை அமுக்கிட்டு அன்னதானத்துக்கு நோட்டீஸ் அடிச்ச ஒரு ஆள நம்ம ஊர்ல ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேரு வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். போன வருசம் மூணு பெட்டின்னு சொன்னே. மூணாவது எங்க? "ஆகஸ்டு மாசம் ஓடிப்போச்சு மாமா, அதனாலதான் குளிருக்கு முன்னாடியே உஷாராயிட்டேன்"ங்கே. ஆகஸ்டுல ஓடினதுக்கு டிசம்பர்ல கம்பளி! வயித்து வலிக்காரனுக்கு மூக்குக்கண்ணாடி எழுதிக் குடுத்த வைத்தியன் நீதான்.

நம்ம ஈக்குக் குளிர்காலம் மார்கழி இல்ல மக்கா, ஆடி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை விடாம அடிச்சா ஈ வெளிய போக முடியாது, பூ இருந்தாலும் தேன் கழுவிப் போயிரும். மகாபலேஷ்வரத்துல வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டும். அங்கேயும் சாதேரி பெட்டி வைக்கிய குடும்பங்க உண்டு. பக்கத்து மாங்கர் கிராமத்துக்கு 2022ல 'தேன் கிராமம்'னு பேரே குடுத்தாச்சு. அங்க கார்வின்னு ஒரு செடி எட்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்கும், நம்ம குறிஞ்சிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பூத்த வருசம் ஈக்குத் திருவிழா. பூக்காத வருசம், மழைய எப்படிக் கடத்தணுமுன்னு தெரிஞ்சவன் பெட்டிதான் நிக்கும். பஞ்சம் வந்தா ஈ கொறையும், ஈ கொறஞ்சா அடைக்குக் காவல் கொறையும், மெழுகுப்பூச்சி உள்ள பூந்து வலை கட்டும். இத்தாலித் தேனீ சகிச்சுக்கிட்டுக் கெடந்து சாவும், நம்ம ஈ ரோசக்காரி. ஒரு நாள் மொத்தமா எந்திரிச்சுப் போயிரும். ஒனக்க மூணாவது பெட்டிக்கு நடந்தது இதுதான். அடியில வெள்ளைப் புழு கெடந்துதுன்னு நீயே சொன்னியே.

இதெல்லாம் எனக்கு வீடியோவுல வந்ததில்ல. 1920கள்ல ஒய்.எம்.சி.ஏ.யில ஸ்பென்சர் ஹாட்ச் துரை மார்த்தாண்டத்துல பெட்டி வைக்கப் படிப்பிச்ச காலத்துல இருந்து எங்க வீட்டுப் பொறத்தால பெட்டி உண்டு. தை, மாசியில ரப்பர் துளிர் விடும்போது, பூவுல இல்ல, எலைக்காம்பு நுனியில தேன் சொரக்கும், அதுதான் எங்களுக்கு அறுவடை. 91, 92ல தாய்லாந்துப் பேரு வச்ச ஒரு வைரஸ் வந்து புழு எல்லாம் நீர் கோத்த பை மாதிரி செத்துது. காலிப் பெட்டிய அடுக்கி வச்சு அதுமேல நெல்லு காயப் போட்டோம். அப்பவும் போத்திப் பாத்தவன் உண்டு, சாம்பிராணி போட்டவன் உண்டு. பொறவு, சாகாமத் தப்பின ஒண்ணு ரெண்டு கூட்டத்தைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் மறுபடி பெருக்கினோம்.

ஒனக்குப் படிச்சவன் சொன்னாத்தான் கேக்கும். கணேஷ்கிண்ட் ரோட்டுல மத்தியத் தேனீ ஆராய்ச்சி பயிற்சி நிலையம் 1962ல இருந்து இருக்கு, காதிக்காரங்க நடத்துகது. நீ இருக்கிய பாஷாண்ல இருந்து ஆட்டோவுல போற தூரம். வீடியோவுல கனடா வரைக்கும் போய்ட்டு வந்த நீ அங்க ஒருநாள் போகல.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. பஞ்சம் வந்தா வேலைக்கார ஈ மொதல்ல ஆண் ஈயத்தான் காதைப் பிடிச்சு வெளிய தள்ளும். கொடுக்கும் இல்ல, வேலையும் இல்ல, தின்னுட்டே கெடக்கும் பாரு, அதனால. வீட்டுல இருந்தே ஆபீஸ் வேலை செய்யுகேன்னு சோபாவுல கெடக்கியவன் மருமவ இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காம இருக்கியது நல்லது.

காலைல பெட்டியில கம்பளி காணாமுன்னு நீ வாட்ச்மேனைச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டுது. அவனை ஒண்ணும் சொல்லாத. ரெண்டு கம்பளியும் எனக்க மேலதான் கெடந்துது. ஒண்ணுல தேன் வாசம், நல்ல ஒறக்கம். ஈ எட்டரை மணிக்கெல்லாம் வெளிய பறக்க ஆரம்பிச்சாச்சு, நான்தான் ஒம்பதரைக்கு எந்திரிச்சேன். ரெண்டாவது பெட்டிக்கு இன்னைக்கு அந்திக்கு ஒரு கப்பு சீனிக்கு ஒரு கப்பு தண்ணி கலக்கி உள்ள வை, வெளிய சிந்தாத, பக்கத்துப் பெட்டிக்காரி கொள்ளை அடிக்க வருவா. ஜூன் பொறந்ததும் எனக்கு டிக்கெட் போடு. கம்பளி வேண்டாம், அஞ்சு கிலோ சீனி வாங்கி வை.