முதல் வாடி எங்கள் பக்கம்தான்

தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு அவனியாபுரத்திலோ அலங்காநல்லூரிலோ நடப்பதில்லை. கந்தர்வக்கோட்டை வட்டத்துத் தச்சங்குறிச்சியில், விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் புத்தாண்டு விழாவை ஒட்டி நடக்கிறது. 2024-இல் ஜனவரி 6, 2025-இல் ஜனவரி 4 என்று, பொங்கல் பானை வாங்குவதற்கு முன்பே எங்கள் பக்கம் வாடிவாசல் திறந்துவிடும். மாதா கோயில் விழாவுக்குத் திருநீறு பூசிய காளைகள் வந்து இறங்கும். எங்கள் சனங்கள் இதை அதிசயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் சிறுவயதில் சுற்று ஊர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். மாட்டை நடத்தியே கூட்டி வருவார்கள். கொம்பில் கட்டிய துண்டும் அதில் முடிந்த காசும்தான் பரிசு. பிடிபடாத மாடு செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முந்திரிக் காட்டுக்குள் புகுந்துவிடும். எந்த ஊர் எல்லையில் போய் நின்றாலும் அங்கே உள்ளவர்கள் கட்டிப்போட்டுத் தண்ணீர் காட்டி, “உங்க மாடு இங்க நிக்குது, வந்து பிடிச்சுக்கிட்டுப் போங்க” என்று ஆள் அனுப்புவார்கள். அதே திடலில் குத்துப்பட்டவர்களைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, தஞ்சாவூர் கொண்டுபோக வண்டி தேடி அலைந்ததும் உண்டு. போனவர் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இன்று மாட்டுக்கும் வீரருக்கும் இணையத்தில் பதிவு. கால்நடை மருத்துவர் பார்த்து விட்ட மாடுதான் வாடிக்குள் போகும். இருபுறமும் இரட்டைத் தடுப்பு, தரையில் தென்னை நார்க்கழிவு, தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ், தொடங்கும் முன் உறுதிமொழி. பரிசு மோட்டார் சைக்கிள், பீரோ, கட்டில் என்று வளர்ந்துவிட்டது. இந்தக் கட்டுப்பாடுகளை நான் மனதார வரவேற்கிறேன். விழா பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்ப வேண்டும்.

மாறாத காட்சி ஒன்று உண்டு. வாடிக்குள் மாட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றை அறுத்து விட்டதும், மாடுகள் வந்து சேரும் இடத்தில் அவர் வீட்டார் புதுக்கயிற்றோடு காத்து நிற்கிறார்கள். வீட்டு அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டதும், சற்று முன் நான்கு பேரை உதறித் தள்ளிய காளை கழுத்தைக் கொடுத்து நிற்கிறது. ஸ்பெயினின் பம்ப்ளோனாவிலும் ஜூலை 7 முதல் 14 வரை புனிதர் ஃபெர்மின் பெயரால் காளை ஓட்டம் நடக்கிறது. காலையில் தெருவில் ஓடிய காளைகள் அன்று மாலையே அரங்கத்தில் கொல்லப்படுகின்றன. நம் காளை வீட்டுக்குத் திரும்பி வரும். பிடிபடாத காளைதான் ஊர்ப் பசுக்களுக்குப் பொலிகாளை.

2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, காளையையும் பசுவையும் கோத்த இந்தச் சங்கிலிதான் அறுந்தது. 2015, 2016 பொங்கல்கள் வாடி திறக்காமலே போயின. வருமானம் தராத காளையைக் கட்டித் தீனி போட முடியாதவர்கள் விற்றார்கள். சந்தைக்குப் போன மாடு பெரும்பாலும் அடிமாடாகத்தான் போனது. 2017 ஜனவரியில், காளையைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த பட்டணத்துப் பிள்ளைகளும் ஜல்லிக்கட்டு வேண்டும் என்று மெரினாவில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஜனவரி 23-இல் சட்டமன்றம் ஜல்லிக்கட்டை அனுமதித்துச் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

உரிமை திரும்பி வந்துவிட்டது. தொழுவத்தைப் பார்த்தால்தான் மனசு கனக்கிறது. அன்று வீட்டுக்கு வீடு நாட்டுப் பசு நின்றது. பாரம்பரியம் என்ற பேச்சே எங்கள் ஊரில் இல்லை. இன்று சட்டை, பனியன் எல்லாவற்றிலும் பாரம்பரியம் என்று அச்சடித்திருக்கிறது. தொழுவத்தில் ஜெர்சிக் கலப்பு நிற்கிறது. பசு காளைக்குக் கத்தினால் சினை ஊசி போட ஆள் வருகிறார். உழவு டிராக்டருக்குப் போயிற்று. மேய்ச்சல் தரிசெல்லாம் தைலமரக் காடாயிற்று. வாடிக்கு வரும் காளையை வெளியிலிருந்து பெருந்தொகை கொடுத்து வாங்கி வருகிறார்கள். கூலி வேலை செய்து ஒற்றைக் காளை வளர்ப்பவருக்கோ அதை வாடியில் விட டோக்கன் கிடைப்பதே பாடாக இருக்கிறது.

காளையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை ஈனுகிற பசுவைக் காப்பாற்ற வேண்டும். மதுரைப் பக்கம் கன்றோடு நாட்டுப் பசுவைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து விழாக் குழுக்களும் பீரோவுக்குப் பதில் அதைக் கொடுக்கட்டும். வீட்டில் நாட்டுப் பசு வைத்து, அதன் கன்றையே வளர்த்து வாடிக்குக் கொண்டு வருபவருக்கு முதல் டோக்கன் கொடுக்கட்டும். தைலமரம் வெட்டி முடித்த இடத்தில் கொஞ்சமாவது மேய்ச்சலுக்கு விடச் சொல்லி ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானம் போடுவோம். மெரினாவில் உட்காரத் தெரிந்த நமக்குக் கிராம சபையில் உட்காரவும் தெரிய வேண்டும்.